ஏபிஎஸ் பிரேக்: உள்ளே நடப்பது என்ன, எப்படி மிதிப்பது, விளக்கு எரிந்தால் எங்கே தேடுவது

ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுற்றாமல் நின்றுவிடாமல், தடுக்கும் அமைப்பு. அதை இயக்கும் பெட்டிக்குச் சாலை தெரியாது. மழை பெய்திருக்கிறதா, மணல் சிதறிக் கிடக்கிறதா, எதிரே சுவர் நிற்கிறதா, எதுவும் தெரியாது. நான்கு சக்கரங்களும் இந்த நொடியில் எந்த வேகத்தில் சுற்றுகின்றன என்பது மட்டும் தெரியும். கார் என்ன வேகத்தில் போகிறது என்பதைக்கூட அந்த நான்கு எண்களை வைத்துத்தான் அது ஊகிக்கிறது. அது வேலை செய்யும் விதம், கைவிடும் இடங்கள், பழுதாகும் விதம் மூன்றும் இங்கிருந்தே கிளைக்கின்றன. ஆகவே வழிகாட்டியும் இங்கிருந்தே தொடங்குகிறது.

சக்கரம் லாக் ஆனால் என்ன கெடும்

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் காரின் வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். கார் 60 கி.மீ. வேகத்தில் போகிறது, சக்கரம் 51 கி.மீ. வேகத்துக்கு உரிய அளவில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 9, அது 60-இல் 15 சதவீதம். இதைத்தான் வழுக்கல் அளவு என்கிறோம். வழுக்கல் என்றதும் கெட்டது என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம்கூட வழுக்காத டயர் பிரேக் பிடிக்கவே முடியாது. தார்ச் சாலையில் டயரின் பிடிப்பு உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய 10 முதல் 20 சதவீத வழுக்கலில்தான். அதைத் தாண்டினால் பிடிப்பு குறைகிறது, சக்கரம் மிக வேகமாக முழு நிறுத்தத்துக்குப் போய்விடுகிறது. அதுதான் 100 சதவீதம், அதாவது லாக்.

லாக் ஆன டயரும் காரை நிறுத்தத்தான் செய்யும், கொஞ்சம் மோசமாக. பெரிய இழப்பு பக்கவாட்டுப் பிடிப்பில். சுற்றாத டயருக்கு முன், பின், பக்கம் என்ற பேதமே இல்லை. கார் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே அதுவும் தேயும். முன்சக்கரங்கள் லாக் ஆனால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகவே போகும். பின்சக்கரங்கள் லாக் ஆனால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும், கார் சுழன்றுவிடும். இரண்டில் பின்னது ஆபத்தானது. அதனால்தான் எந்தக் காரிலும் பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைவாகவே போகும்படி அமைத்திருப்பார்கள்.

ஏபிஎஸ்ஸின் முதல் வேலை காரைச் சீக்கிரம் நிறுத்துவது அல்ல. முழுப் பலத்தோடு பிரேக் மிதித்திருக்கும்போதும் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்க வைப்பது. ஈரத் தாரில் நிற்கும் தூரமும் குறையும், உலர்ந்த தாரில் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். அது கூடுதல் லாபம்.

பாகங்கள்

சென்சார்: ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்று. பழைய வகையில் காந்தத்தைச் சுற்றிய ஒரு காயில் (கம்பிச் சுருள்) இருக்கும். எதிரே, டிரைவ் ஷாஃப்ட்டிலோ ஹப்பிலோ, பல் வெட்டிய இரும்பு வளையம் சுற்றும். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது காயிலில் சின்ன மின் அலை எழும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். ஆனால் சக்கரம் மெதுவானால் மின் அலையும் சிறுத்துவிடும். ஆள் நடக்கும் வேகத்தில் அது கிட்டத்தட்டக் குருடு. புதிய வகைக்குப் பெட்டியிலிருந்து மின்சாரம் வரும். பல் வளையத்துக்குப் பதிலாக வீல் பேரிங்கின் சீலிலேயே வடக்கு, தெற்கு என்று மாறிமாறிக் காந்தமேற்றிய பட்டை இருக்கும். சக்கரம் நகரத் தொடங்கியதுமே இது படிக்கும். உங்கள் காரில் எந்த வகை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சோதிக்கும் முறை இரண்டுக்கும் வேறு. தவறான முறை சென்சாரையே கொன்றுவிடும்.

ஒரு கணக்கு. டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், வளையத்தில் 48 பற்கள் என்றால், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8.8 சுற்று சுற்றும், சென்சாரிலிருந்து நொடிக்குச் சுமார் 420 துடிப்பு வரும். டயரின் சுற்றளவு மாறினால் இந்த எண்ணும் மாறும். இதைப் பிறகு பார்ப்போம்.

மாடுலேட்டர்: பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் அலுமினியக் கட்டி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மின்சாரத்தால் திறந்து மூடும் இரண்டு சோலனாய்டு வால்வு. உள்வால்வு சும்மா இருக்கும்போது திறந்தே இருக்கும், வெளிவால்வு மூடியே இருக்கும். மின்சாரம் போய்விட்டால் பெடலிலிருந்து, சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்கு வழி நேராகத் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அமைப்பு. நான்கு சக்கரத்துக்கு எட்டு வால்வு. சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி இருக்கும் காரில் பெடலை மிதிக்காமலே பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால் இன்னும் நான்கு சேர்ந்து பன்னிரண்டு. அதே கட்டிக்குள் வெளிவால்வு விடும் பிரேக் ஆயிலைத் தேக்க ஒரு சிறு கிண்ணமும், அந்த ஆயிலைத் திரும்ப மேலே தள்ளும் மோட்டார் பம்பும் உண்டு.

கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் மாடுலேட்டரின் முதுகிலேயே ஒட்டியிருக்கும்.

விமானச் சக்கரங்களுக்காகச் செய்த இயந்திர முறையைத்தான் 1966-இல் ஜென்சன் எஃப்எஃப் காரில் வைத்தார்கள். 1971-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் நான்கு சக்கரத்துக்கும் மின்னணு முறை வந்தது. இன்றைய வடிவத்தின் நேர் மூதாதை 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ் கிளாஸுக்குக் கொடுத்தது. எடை 6 கிலோவுக்கு மேல். இப்போது வருவது இரண்டு கிலோகூட இருக்காது. அடிப்படை மாறவில்லை, கணக்குப் போடும் வேகம்தான் கூடியிருக்கிறது.

ஒரு முறை மிதித்தால் நடப்பது

ஈரச் சாலை, 60 கி.மீ. வேகம், பெடலை ஓங்கி மிதிக்கிறீர்கள்.

அழுத்தம் ஏறுகிறது, நான்கு சக்கரமும் வேகம் குறைகின்றன. இதுவரை ஏபிஎஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது முன்சக்கரம் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஏறுகிறது. அடுத்த 0.1 நொடியில் அதன் வேகம் 15 கி.மீ. விழுகிறது. சாதாரணக் கார் டயரால் உலர்ந்த சாலையிலேயே நொடிக்குச் சுமார் 35 கி.மீ.க்கு மேல் வேகத்தைக் குறைக்க முடியாது, 0.1 நொடிக்கு 3.5 கி.மீ. தான் உச்சம். 15 விழுந்தது என்றால் குறைந்தது காரின் வேகம் அல்ல, சக்கரம் மட்டும் நின்றுபோகப் பார்க்கிறது. சாலையைப் பார்க்காமலே பெட்டி இந்த முடிவுக்கு வருவது இப்படித்தான். மற்ற மூன்று சக்கரங்களில் எது வேகமாகச் சுற்றுகிறதோ அதை ஒட்டி காரின் வேகத்தையும் ஊகித்து வழுக்கல் அளவைக் கணக்கிடுகிறது.

முதலில் அந்தச் சக்கரத்தின் உள்வால்வு மூடும். நீங்கள் இன்னும் அழுத்தினாலும் அங்கே அழுத்தம் ஏறாது. அப்படியும் வேகம் விழுந்துகொண்டே இருந்தால் வெளிவால்வு திறக்கும். காலிப்பரில் இருந்த ஆயில் கொஞ்சம் கிண்ணத்துக்குள் பாயும், பேட் தளரும், சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கும். சக்கரம் வேகம் பிடித்ததும் வெளிவால்வு மூடும். உள்வால்வு சில மில்லி நொடிகளுக்குத் திறந்து மூடி, திறந்து மூடி, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும், மறுபடி லாக் ஆகப் பார்க்கும் வரை. பிறகு மொத்தமும் முதலிலிருந்து. இந்தச் சுற்று நொடிக்குப் பல முறை, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனியாக நடக்கிறது.

இதற்கிடையே பம்ப் கிண்ணத்தில் சேர்ந்த ஆயிலை மாஸ்டர் சிலிண்டர் பக்கமாகத் திரும்பத் தள்ளுகிறது. உங்கள் காலில் படும் தடதடப்பு அதுதான். கூடவே பானெட்டுக்கு அடியில் கரகரவென்று ஒரு சத்தம். தெரியாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். ஏபிஎஸ் இருந்தும் மோதுவதற்கு இது ஒரு காரணம்.

பின்சக்கரங்களைப் பெரும்பாலான கார்களில் இப்படித் தனித்தனியாக விடுவதில்லை. இரண்டில் எதற்குப் பிடிப்பு குறைவோ அதை வைத்தே இரண்டுக்கும் அழுத்தம் கொடுக்கும். கொஞ்சம் பிரேக் பலம் வீணாகும், பின்பக்கம் நிலையாக இருக்கும். நல்ல பேரம்தான். இடப்பக்கச் சக்கரங்கள் மணலிலும் வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் இருந்தால் கார் வலப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு திடீரென்று வராதபடி, பிடிப்புள்ள பக்கத்து முன்சக்கரத்தில் அழுத்தத்தை நிதானமாக ஏற்றுவார்கள். ஸ்டீயரிங்கை மட்டும் நீங்கள் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எப்படி மிதிப்பது

1. ஆபத்து என்று தெரிந்ததும் ஒரே மிதியாக, முழுப் பலத்தோடு மிதியுங்கள். பாதி மிதித்தால் ஏபிஎஸ் தொடங்கவே தொடங்காது, தூரமும் வீணாகும்.

2. கியர் காராக இருந்தால் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள். எஞ்சின் அணையாது, ஓட்டும் சக்கரமும் எஞ்சினின் இழுப்பு இல்லாமல் சீக்கிரம் மீண்டு சுற்றும்.

3. பெடல் தடதடத்தாலும், கொஞ்சம் கீழே போவதுபோல இருந்தாலும் காலை எடுக்காதீர்கள். விட்டுவிட்டு மிதிப்பது ஏபிஎஸ் இல்லாத காருக்கான பழக்கம். இங்கே அப்படிச் செய்தால் பெட்டி பாடுபட்டுத் தக்கவைத்த அழுத்தத்தை நீங்களே இறக்கிவிடுகிறீர்கள்.

4. போக வேண்டிய இடைவெளியைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம். டயரின் மொத்தப் பிடிப்பைத்தான் பிரேக்கும் திருப்பமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதிகம் திருப்பினால் நிற்கும் தூரம் கூடும்.

5. கார் முழுக்க நிற்கும் வரை மிதித்தே இருங்கள். கடைசி மீட்டரில் டயர் ஒரு கணம் கிறீச்சிட்டால் கவலை வேண்டாம். மிகக் குறைந்த வேகத்தில் ஏபிஎஸ் தானாகவே விலகிக்கொள்ளும்.

இதைப் படித்து மட்டும் பழக முடியாது. ஆளும் வண்டியும் இல்லாத திறந்தவெளியில், ஈரமான தரையில், 30 அல்லது 40 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பின்னால் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்ளே கிடக்கும் சாமான்களை எடுத்துவிட்டு, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. அந்தத் தடதடப்பு காலுக்கு ஒருமுறை பழகிவிட்டால் அவசரத்தில் கால் தானாக விலகாது.

எங்கே கைவிடும்

டயருக்கும் தரைக்கும் நடுவே உள்ள பிடிப்பை ஏபிஎஸ் உண்டாக்காது. இருப்பதைச் செலவழிக்கக் கற்றுத்தருகிறது. 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. கால் பெடலுக்குப் போக ஒரு நொடி என்றால் பிரேக் தொடங்கும் முன்பே 22 மீட்டர் போய்விடும். அதன்பிறகு உராய்வு 0.8 உள்ள உலர்ந்த தாரில் சுமார் 31 மீட்டர், 0.5 உள்ள ஈரத் தாரில் 50 மீட்டர், 0.2 உள்ள இறுகிய பனியில் 126 மீட்டர். மாடுலேட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இந்த எண்கள் அசையாது. தேய்ந்த டயரில் தண்ணீர்மேல் மிதக்கும் காரில் ஏபிஎஸ் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

உதிரி ஜல்லியிலும் புதுப்பனியிலும் நிலைமை தலைகீழ். லாக் ஆன டயர் எதிரே ஜல்லியைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுற்றவிடுவதால் அந்தக் குவியல் உருவாகாது, தூரம் கூடும். ஸ்டீயரிங் மட்டும் கையில் இருக்கும். அப்படிப்பட்ட பாதையில் முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளியைக் கூட்டுவதே வழி.

மேடு பள்ளத்தில் சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் நின்றால் பிரேக் அதைச் சட்டென்று நிறுத்திவிடும். பெட்டி அதை வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தை விடும். பெடல் தடதடத்து, பிரேக் ஒரு நொடி தளர்ந்ததுபோல உணர்வீர்கள். ஷாக் அப்சார்பர் போன காரில் இது அடிக்கடி நடக்கும்; பிரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

டேஷ்போர்டு விளக்கு

சாவி போட்டதும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அப்போது பெட்டி வால்வுகளின் மின்சுற்றைச் சோதிக்கிறது. கார் கிளம்பி முதல் முறை வேகம் பிடிக்கும்போது பல கார்களில் பம்ப் மோட்டாரையும் ஒரு கணம் ஓட்டிப் பார்க்கும். டக் என்றோ ர்ர் என்றோ ஒரு சத்தம் வந்தால் பழுது இல்லை. சாவி போடும்போது விளக்கு எரியவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். பழுதை மறைக்கப் பல்பைக் கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, லாக் ஆவதைத் தடுக்க ஆள் இல்லை. நிதானமாக ஓட்டிக் கடைக்குப் போகலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா, ஆயில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து எரிந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பலத்தைப் பிரிக்கும் ஈபிடியும் போயிருக்கக்கூடும். அப்போது பின்சக்கரம் முதலில் லாக் ஆகலாம். அந்தக் காரை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

பழுது தேடுதல்

விளக்கு எரிந்ததும் மாடுலேட்டரை மாற்றச் சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்துவிடுவது நல்லது. பெரும்பாலான பழுதுகள் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்: சென்சார், அதன் வயர், வளையம், பேரிங். சேறும் தண்ணீரும் சூடும் ஆட்டமும் படும் இடம் அதுதானே. கீழே சொல்லும் வரிசையில் போனால் செலவு குறையும்.

முதல் படி, கருவியே வேண்டாதது. நான்கு டயரும் ஒரே அளவா, காற்று சரியா என்று பாருங்கள். சின்ன ஸ்டெப்னி மாட்டியிருந்தால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். வித்தியாசம் எல்லை மீறினால் பெட்டி சந்தேகப்பட்டு ஏபிஎஸ்ஸை நிறுத்திவிடும். பிறகு பியூஸ். பம்ப் மோட்டாருக்கும் வால்வுக்கும் தனித்தனி பெரிய பியூஸ் இருக்கும், ஒன்று போனாலும் விளக்கு எரியும். பேட்டரியையும் அளந்துவிடுங்கள்: எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.7 வோல்ட். பேட்டரி நொந்த காரில் ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் விழுந்தே விளக்கு எரியலாம்.

அடுத்து ஸ்கேனர், அதாவது பெட்டி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளை (கோடுகளை) படிக்கும் கருவி. எஞ்சின் கோடு மட்டும் படிக்கும் மலிவான கருவி இங்கே உதவாது. ஏபிஎஸ் பெட்டியோடு பேசும் கருவி வேண்டும். ஏபிஎஸ் கோடுகள் சி எழுத்தில் தொடங்கும். பொதுப்பட்டியலில் சி0035 இடது முன், சி0040 வலது முன், சி0045 இடது பின், சி0050 வலது பின் சக்கரச் சென்சாரைச் சுட்டும். சில கம்பெனிகள் சொந்த எண்கள் வைத்திருக்கும். கோடு சொல்வது அந்தச் சக்கரத்தின் சுற்றில் கோளாறு என்பதைத்தான். சென்சார் செத்துவிட்டது என்று அல்ல. சென்சாரை மாற்றியும் விளக்கு அணையாத கதைகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது படிதான் மிகவும் பலன் தருவது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பார்க்க, நேர்ச்சாலையில் 20, 30 கி.மீ. வேகத்தில் போய் மெதுவாக நிறுத்துங்கள்.

ஒரு சக்கரம் எப்போதும் பூஜ்யம் காட்டினால் வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், புது பேரிங் போட்டிருந்தால் தலைகீழாகப் போட்டிருக்கலாம்.

மற்றவை 8 கி.மீ. காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால், சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடியிருக்கிறது அல்லது இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறது. காயில் வகையில் இந்தப் பழுது ஓட்டுநருக்கு ஒரு தனி அடையாளத்தோடு தெரியும்: உலர்ந்த சாலையில், சிக்னலில் மெதுவாக நிற்கப்போகும்போது, காரணமே இல்லாமல் பெடல் தடதடக்கும். குறைந்த வேகத்தில் மின் அலை தேய்ந்துபோவதால் அந்தச் சக்கரம் லாக் ஆகிவிட்டது என்று பெட்டி நம்பி பிரேக்கை விடுகிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி கார் நகரும். விளக்குகூட எரியாமல் இருக்கலாம் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை துள்ளினால் பல் வளையத்தில் விரிசல். திருப்பத்தில் மட்டும் கோளாறு காட்டினால் பேரிங்கில் ஆட்டம்.

நான்காவது படி, சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது. சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. சென்சாரிலிருந்து வயரைக் கையால் தடவிக்கொண்டே மேலே போங்கள். ஷாக் அப்சார்பரில் கிளிப் போட்டிருக்கும் இடத்திலும், ஃபெண்டருக்குள் நுழையும் இடத்திலும் ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் வயர் மடங்கும். மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். அந்த இடத்தை மடக்கினால் மற்ற இடத்தைவிடத் துவண்டு கொடுக்கும். கனெக்டரைத் திறந்து பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள்.

காயில் வகை என்றால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து கனெக்டரின் இரண்டு பின்னிலும் (ஊசியிலும்) அளக்கலாம். பல கார்களில் 800 முதல் 2000 ஓம் வரை வரும். சரியான எண் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அது இல்லாவிட்டால் எதிர்ப்பக்கச் சென்சாரோடு ஒப்பிடுங்கள். அளவே வராவிட்டால் காயில் அறுந்தது. பின்னுக்கும் பாடிக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. பிறகு ஏசி வோல்ட் நிலைக்கு மாற்றி, நொடிக்கு ஒரு சுற்று என்று கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். மில்லி வோல்ட் ஏறி இறங்க வேண்டும், எதிர்ப்பக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

மின்சாரம் வாங்கும் வகையை ஓம் வைத்து அளக்காதீர்கள். மீட்டரின் மின்னோட்டமே உள்ளிருக்கும் சிப்பைக் கெடுத்துவிடலாம். சாவியைப் போட்டு, சென்சார் கழன்ற நிலையில் காரின் பக்கக் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வயரும் பெட்டியும் சரி. இந்தச் சென்சார் வோல்ட்டில் பேசாது, மின்னோட்டத்தில் பேசும்: வழக்கமாக 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் நடுவே மாறிமாறி. அதைப் பார்க்க ஸ்கேனரின் நேரடி எண்களே போதும்.

சென்சாரைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். அது சக்கரத்தைத் தாங்கும் இரும்பு நக்கிளில் துருவோடு இறுகியிருக்கும். துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஆனாலும் பழைய காரில் பாதி கையோடு வரும், பாதி உள்ளேயே உடைந்து நிற்கும் என்று எதிர்பார்த்தே, புதியதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சென்சார் உட்காரும் துளையையும் முகத்தையும் துரு போகச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அடியில் அரை மில்லிமீட்டர் துரு இருந்தாலே சென்சார் அந்த அளவு தூக்கி நிற்கும். பல காயில் சென்சார்களுக்கு இருக்க வேண்டிய இடைவெளியே ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். புதியதைச் சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது.

காந்தப் பட்டை உள்ள பேரிங்குக்கு இரண்டு எச்சரிக்கை. பட்டை உள்ள பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்புச் சீல்தான். காந்தம் கண்டுபிடிக்கும் அட்டையை வைத்தால் கோடு கோடாகத் தெரியும். இரும்புத் தூள் சிதறிய மேசையில் பேரிங்கை வைக்கவும் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, பியூஸும் எர்த் வயரும் சரியாக இருந்து, பெட்டி ஸ்கேனருக்குப் பதிலே சொல்லவில்லை என்றால்தான் மாடுலேட்டரைப் பார்க்க வேண்டும். மாற்றினால் பெரும்பாலும் அந்தக் காருக்கென்று புரோகிராம் செய்ய வேண்டியிருக்கும். வேறு காரில் கழற்றியதை அப்படியே மாட்டி ஓட்டலாம் என்ற கணக்கு பலிப்பது அரிது.

பிரேக் ஆயிலும் காற்றும்

பிரேக் ஆயில் டேங்கின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறியபின் வரம்பு 155 டிகிரி. அந்த ஈரம் மாடுலேட்டரின் நுண்ணிய வால்வுகளையும் அரிக்கும். ஆகவே கார் எவ்வளவு ஓடியது என்று பார்க்காமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சிலிகான் வகையான டாட் 5 ஏபிஎஸ் காருக்கு ஆகாது. அதில் நுண்குமிழிகள் சுலபமாகக் கலந்துவிடும். டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் குடும்பம். புள்ளியைக் கவனித்து வாங்குங்கள்.

புது பேட் போடும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவோம். அப்போது அங்கே தேங்கிய கசடு ஆயில் பின்னோக்கி மாடுலேட்டருக்குள் போகும். காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, டியூப் வழியாகப் பாட்டிலில் வெளியேற்றிக்கொண்டே தள்ளுவது நல்ல பழக்கம். நிப்பிளை மூடியபின்தான் பிஸ்டனிலிருந்து கையை எடுக்க வேண்டும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் சேர்ந்த காற்றை வெளியேற்றும்போது, ஆயில் டேங்க் ஒருபோதும் காலியாகக் கூடாது. இந்த ஒன்றைக் காப்பாற்றினால் மாடுலேட்டருக்குள் காற்று போகாது, பழைய காரைப்போலவே ஏர் எடுத்து முடித்துவிடலாம். சக்கர வரிசை காருக்குக் கார் மாறும். தூரத்துச் சக்கரம் முதலில் என்ற பொதுவிதி, ஒரு முன்சக்கரத்தையும் எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் சேர்த்துக் குறுக்காகப் பிரித்த லைன் உள்ள கார்களுக்குப் பல நேரம் பொருந்தாது. காற்று உள்ளே போய்விட்டாலோ, மாடுலேட்டரைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, மூடியிருக்கும் வெளிவால்வுக்குப் பின்னால் குமிழி மாட்டிக்கொள்ளும். எத்தனை முறை பெடலை அடித்தாலும் அது வராது. ஸ்கேனரில் ஏபிஎஸ் பிளீடிங் என்ற வேலையைத் தேர்ந்தெடுத்தால் அது வால்வுகளைத் திறந்து பம்பை ஓட்டும். அதன்பின் நான்கு சக்கரத்திலும் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். எடுத்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்; மெல்ல இறங்கினால் கசிவு இருக்கிறது, பஞ்சுபோல அமுங்கினால் காற்று இருக்கிறது, எதுவானாலும் கிளம்ப வேண்டாம். பெடல் இறுக்கமாக இருந்தால் ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, ஆளில்லா இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதித்து நான்கு சக்கரமும் ஒழுங்காக மீள்கின்றனவா என்று சோதியுங்கள். சென்சார் பழுது சரியான பிறகும் பல கார்களில் விளக்கு நின்ற இடத்தில் அணையாது. நான்கு சக்கரத்திலிருந்தும் துடிப்பு வருவதைப் பெட்டி பார்த்தாக வேண்டும், அதற்குக் கார் சுமார் 20 கி.மீ. வேகத்தையாவது தாண்ட வேண்டும். ஓட்டிப் பார்க்காமல், கடை வாசலிலேயே விளக்கைப் பார்த்துவிட்டுப் புதுச் சென்சாரும் சரியில்லை என்று கழற்றத் தொடங்க வேண்டாம்.